வாசலில் வேப்பிலை கட்டிய பிறகு: சின்னம்மை வந்த வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நாட்களில் வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை சந்துகளில் நடந்தால், ஏதாவது ஒரு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்குவதைக் காணாமல் திரும்ப முடியாது. அதைப் பார்த்தவுடன் பால் போடுகிறவர் பாக்கெட்டைப் படியிலேயே வைத்துவிட்டுப் போவார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் நடை தாண்டாமல் இறக்கிவிடுவார். யாரும் "என்ன நோய்" என்று கேட்பதில்லை. "அம்மா வந்திருக்கிறாள்" என்பதே சொல். நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியராக இந்தப் பகுதியில் பல ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கிய எனக்கு அந்தக் கொத்தின்மேல் மரியாதை உண்டு. அச்சடித்த எந்த அறிவிப்பும், வீட்டாரைக் கூனிக் குறுகவைக்காமல் இத்தனை விரைவாக ஒரு தொற்றைத் தெருவுக்குச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் கொத்து கட்டிய பிறகு வீட்டுக்குள் நாம் கடைப்பிடிக்கும் விதிகளில் பெரும்பகுதி பெரியம்மைக்காக ஏற்பட்டவை என்பது என் எண்ணம். பெரியம்மை இந்தியாவில் 1975 மே மாதத்துடன் ஓய்ந்தது. 1980-ல் உலகைவிட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று நம் வீடுகளுக்கு வருவது சின்னம்மை. அது வேறு வைரஸ்; அதன் நாட்கணக்கும் வேறு. பெரியம்மை பெரும்பாலும் முத்து எழும்பிய பிறகே மற்றவரைத் தொற்றும், அதன் பொருக்கிலும் வைரஸ் உயிரோடு இருக்கும். ஆகவே முத்து கண்டதும் ஒதுக்கி வைத்து, கடைசிப் பொருக்கு உதிரும்வரை காத்திருந்தது அன்றைக்குச் சரியான கணக்கு. சின்னம்மையோ முத்து தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியதும் தொற்றாமல் போய்விடுகிறது. பழைய வழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டால் நாம் தாமதமாகத் தொடங்கி, தேவைக்கு மேல் நீட்டிக்கிறோம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் அனைத்தும் எளிதாக விளங்கும்.

இன்னொரு பழைய நினைவையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "எனக்குத்தான் அம்மை குத்தியிருக்கிறார்களே" என்று கைத்தழும்பைக் காட்டும் பெரியவர்கள் உண்டு. அது பெரியம்மைத் தடுப்பூசியின் தழும்பு. அந்த மருந்து கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தயாரான காலம் ஒன்று இருந்தது. சின்னம்மைக்கும் அந்தத் தழும்புக்கும் தொடர்பே இல்லை. இளையவர்களின் இடது தோளில் இருப்பது காசநோய்க்கான பி.சி.ஜி. தழும்பு, அதுவும் இதற்கு உதவாது.

முதலில் எந்த அம்மை என்று பார்க்கவேண்டும்

நம் பேச்சில் அம்மை என்பது ஒரு குடும்பப் பெயர். மணல்வாரி என்றும் தட்டம்மை என்றும் சொல்லப்படுவது, பொன்னுக்கு வீங்கி எனப்படும் புட்டாளம்மை, சின்னம்மை ஆகிய மூன்றும் வெவ்வேறு வைரஸ்கள். எது என்று தெரியாமல் வேப்பிலை மட்டும் கட்டிவிட்டு உட்காருவது சரியன்று.

சின்னம்மையில் குழந்தைக்கு ஒரு நாள் லேசான காய்ச்சலும் சோர்வும் இருக்கும். சில சமயம் அதுவும் இல்லாமல் நேரடியாகத் தடிப்பே தெரியும். மார்பு, முதுகு, வயிறு, முகம், தலைமுடிக்கு இடையில் சிவந்த புள்ளிகள் எழும்பும்; சில மணி நேரத்தில் ஒவ்வொன்றின் நடுவிலும் வெந்த ஜவ்வரிசியைப் போல் கண்ணாடியாக ஒரு நீர்க்கொப்புளம் நிற்கும். மறுநாள் அது கலங்கும். பிறகு நடுவில் குழிந்து, காய்ந்து, பழுப்புப் பொருக்காகும். மூன்று நான்கு நாட்களுக்குப் புதிய முத்துகள் வந்துகொண்டே இருப்பதால், ஓர் உள்ளங்கை அகலத் தோலில் சிவந்த புள்ளி, தெளிந்த கொப்புளம், கலங்கிய கொப்புளம், பொருக்கு ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் காணலாம். இதுதான் சின்னம்மையின் அடையாளம். பெரியம்மையில் எல்லா முத்தும் ஒரே பருவத்தில் இருந்தன, முகத்திலும் கைகால்களிலும் நெருக்கமாக இருந்தன என்பதை இதனுடன் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். தடுப்பூசி போடாத குழந்தைக்குச் சாதாரணமாக 250 முதல் 500 முத்துகள் வரை வரும். வாய்க்குள்ளும் இமையோரத்திலும் சிறுநீர் கழிக்கும் இடத்திலும் வரலாம். குழந்தை சாப்பிட மறுத்தாலோ சிறுநீர் போகும்போது அழுதாலோ அங்கே பார்க்கவேண்டும்.

மணல்வாரி வேறு மாதிரி. அதில் மூன்று நான்கு நாட்கள் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்து நீர் வடியும் கண்கள் என்று வாட்டிய பிறகே காதுக்குப் பின்னாலும் முகத்திலும் மணலைத் தூவியதுபோல் தடிப்பு தொடங்கிக் கீழே இறங்கும், நீர்க்கொப்புளம் இருக்காது. நுரையீரலையும் மூளையையும் தாக்கக்கூடிய அதனை ஒருபோதும் வீட்டோடு வைத்துப் பார்க்கக்கூடாது. உள்ளங்கை, உள்ளங்கால், வாய் என்று அங்கங்கே மட்டும் கொப்புளம் வந்து, முதுகும் வயிறும் தெளிவாக இருந்தால், அது பெரும்பாலும் மக்கள் தக்காளிக் காய்ச்சல் என்று சொல்லும் கை கால் வாய் நோய். ஐயம் இருந்தால் பகல் வெளிச்சத்தில் முதுகை ஒரு புகைப்படம் எடுத்துவைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டலாம். மாலைக்குள் முத்துகள் தோற்றம் மாறிவிடும் என்பதால் காலைப் படம் பயன்படும்.

எப்படிப் பரவுகிறது

இதை உண்டாக்குவது வேரிசெல்லா சோஸ்டர் என்ற வைரஸ். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் காற்றில் கலக்கிறது. கொப்புள நீரைத் தொட்டாலும் ஒட்டுகிறது. இதுவரை சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத ஒருவர் நோயாளியுடன் ஒரே வீட்டில் இருந்தால், பத்தில் ஒன்பது பேர் வரைக்கும் வந்துவிடுகிறது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் நம் வீடுகளில் இதைச் சொல்லி விளங்கவைக்கத் தேவையில்லை. வெப்பநாடுகளில் சிறுவயதில் தப்பித்து, வளர்ந்தபின் முதன்முறையாகச் சின்னம்மை காண்கிறவர்கள் அதிகம் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். "குழந்தை நோய்தானே" என்ற அலட்சியம் இங்கே செல்லாது.

யாரும் கவனிக்காத ஒரு வழி அக்கி. ஒருமுறை சின்னம்மை கண்டவரின் உடலைவிட்டு வைரஸ் முற்றிலும் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ, உடலின் எதிர்ப்புச் சக்தி தளரும்போதோ, ஒரு நரம்பின் வழியே மட்டும் எழுந்து வந்து விலா ஓரத்திலோ நெற்றியிலோ ஒரு பக்கமாகக் கொப்புளக் கூட்டமாக எரிகிறது. இதைத்தான் அக்கி என்கிறோம். குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிவருகிறோம். எழுதுவதில் மனம் ஆறுமானால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் வைரஸுக்கு எதிரான மாத்திரையை முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் என்பதால், குயவர் வீட்டுக்கு முன்னாலோ பின்னாலோ அன்றைக்கே மருத்துவரையும் பார்க்கவேண்டும். நெற்றியிலோ கண்ணருகிலோ வந்த அக்கியைக் கண் மருத்துவரிடம் காட்டாமல் விட்டால் பார்வைக்கே கேடு வரலாம். அக்கியின் நீர் பட்டால், சின்னம்மை வராத பேரக்குழந்தைக்கு அக்கி வராது, சின்னம்மை வரும். பாட்டியின் இடுப்பில் ஈரம் கசியும் அக்கி இருக்கும்போது கைக்குழந்தையை அதே இடுப்பில் தூக்கிவைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். காயும்வரை துணியால் மூடிவைத்தால் போதும்.

நாட்காட்டியில் மூன்று கோடுகள்

ஒரு வீட்டில் சின்னம்மை என்று தெரிந்ததும் நான் முதலில் கேட்பது சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை. எத்தனை நாள் ஒதுங்கவேண்டும், அடுத்தவருக்கு எப்போது வரும் என்ற அச்சத்துக்கெல்லாம் அதில் விடை இருக்கிறது. எடுத்துக்காட்டாக, மூத்த மகனுக்கு மார்ச் 10-ம் தேதி முதல் முத்து தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம்.

தொற்றிய நாளிலிருந்து முத்து வர 10 முதல் 21 நாட்கள் ஆகும். பெரும்பாலும் இரண்டு வாரம். ஆகவே அவனுக்கு வைரஸ் ஒட்டியது பிப்ரவரி 17-க்கும் 28-க்கும் இடையில். அந்த நாட்களில் போன கல்யாண மண்டபத்தையோ டியூஷனையோ நினைத்துப் பார்க்கலாம். ஆனால் யாரால் வந்தது என்று சண்டை பிடிப்பதில் பயன் இல்லை. அவன் மற்றவருக்குத் தொற்றத் தொடங்கியது முத்து தெரிவதற்கு இரண்டு நாள் முன்பாக, அதாவது மார்ச் 8. இங்கே முதல் கோடு. மார்ச் 8, 9 தேதிகளில் பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், வீட்டுக்கு வந்துபோன கர்ப்பிணி அத்தை, தாத்தா என்று எல்லோரையும் தாளில் எழுதி அன்றைக்கே சொல்லவேண்டும். வேப்பிலை கட்டுவதற்கு முந்திய அந்த இரண்டு நாட்களைத்தான் நம் வழக்கம் கணக்கில் எடுப்பதில்லை.

புதிய முத்து வருவது நின்று, கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டிய நாள் இரண்டாவது கோடு. பொதுவாக ஐந்து முதல் ஏழு நாட்கள்; அவனுக்கு அது மார்ச் 16 என்று கொள்வோம். ஏழாம் நாள் என்பதற்காகக் கோடு போடக்கூடாது. தலைமுடிக்குள்ளும் காலிடுக்கிலும் ஈரமான கொப்புளம் ஒன்று மிச்சமிருந்தாலும் ஒரு நாள் தள்ளிப்போட வேண்டும். மூன்றாவது கோடு வீட்டில் மற்றவர்களுக்கானது. மார்ச் 8-ல் தொற்றியிருந்தால் மார்ச் 18 முதல், மார்ச் 16-ல் தொற்றியிருந்தால் ஏப்ரல் 6 வரை, அடுத்த முத்து எப்போது வேண்டுமானாலும் தெரியலாம். அதுவரை, இதுவரை அம்மை காணாத தம்பியோ தங்கையோ புதிதாகப் பிறந்த குழந்தை இருக்கும் வீட்டுக்கும் வளைகாப்புக்கும் போகவேண்டாம். வீட்டில் இரண்டாவதாக வருகிறவருக்கு முத்து அதிகமாக இருப்பது வழக்கம்; நெருக்கத்தில் வைரஸ் அதிக அளவில் உள்ளே போவதே காரணம் என்று கருதப்படுகிறது.

தேர்வுக் காலமாயிற்றே என்று காய்ச்சலை மறைத்து மாணவரை அனுப்புவது தவறு. பொதுத்தேர்வு எழுதும் மாணவர் என்றால் தலைமையாசிரியரிடம் முன்னதாகச் சொல்லவேண்டும். அம்மை கண்டவர்களைத் தனி அறையில் அமர்த்தி எழுதவைக்கும் வழக்கம் இருக்கிறது.

ஒற்றை அறை வீட்டில் ஒதுக்குவது எப்படி

"தனி அறையில் வையுங்கள்" என்று எழுதுகிறவர்கள் வியாசர்பாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு நாள் தங்கிப் பார்க்கவேண்டும். தனி அறை இல்லாத வீட்டில் நம்மால் முடிந்தது மூன்று. முதலாவது காற்று: சன்னலையும் வாசல் கதவையும் திறந்துவைத்து, நோயாளியின் படுக்கையைக் காற்று வெளியே போகும் பக்கத்தில் போடுவது. மின்விசிறி நோயாளியின் பக்கமிருந்து மற்றவர்மீது வீசக்கூடாது. சேலையைத் திரையாகக் கட்டினால் மறைவு கிடைக்கும். காற்றில் வரும் வைரஸை அது தடுக்காது. இரண்டாவது ஆள்: ஏற்கெனவே சின்னம்மை கண்டவர் அல்லது இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டவர் மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது. மூன்றாவது விலக்கு: அம்மை காணாத கர்ப்பிணி, பச்சிளங்குழந்தை, புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்தும் ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து சாப்பிடுபவர் ஆகியோரை உறவினர் வீட்டுக்கு அனுப்புவது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே அந்த இரண்டு நாட்களில் உடனிருந்தார்களானால், போகும் வீட்டிலும் கர்ப்பிணியோ குழந்தையோ இருக்கக்கூடாது.

பொதுக் கழிப்பறை உள்ள இடங்களில் நோயாளி கூட்டம் இல்லாத நேரத்தில் போய்வரலாம். கைபட்ட குழாயையும் தாழ்ப்பாளையும் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும், ஏனெனில் இந்த வைரஸின் மேலுறை கொழுப்பாலானது, சோப்புக்கு அது தாங்காது. துணியையும் துண்டையும் தனியே துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். தண்ணீர் லாரி வரும்போது குடத்தோடு வரிசையில் நோயாளி நிற்கவேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் சொன்னால் பிடித்துக் கொடுப்பார்கள். அதற்காகவாவது வேப்பிலையைக் கட்டுவது நல்லது. கட்ட விருப்பமில்லாத வீட்டார், கிறிஸ்தவரோ முஸ்லிமோ யாராயினும், பக்கத்துக் கதவுகளில் வாயால் சொல்லிவிடலாம்.

அரிப்பு, குளியல், சாப்பாடு, மருந்து

நோயாளியை மிகவும் வாட்டுவது அரிப்பு. சொறிந்தால் கொப்புளம் உடையும், நகத்திலிருக்கும் கிருமி உள்ளே போகும், சீழ் பிடிக்கும், தழும்பு நிற்கும். ஆகவே முதல் நாளே நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். "அம்மை இருக்கும்போது நகம் வெட்டக்கூடாது" என்று வீட்டில் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. கைக்குழந்தைக்கு இரவில் கையுறையாகச் சுத்தமான காலுறையை மாட்டிவிடலாம். கலமைன் லோஷன் தடவலாம். அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் மருத்துவர் செட்டிரிசின் போன்ற மருந்து தருவார். வேப்பிலைக் கொத்தால் மெல்ல வருடுவது இதமாகத்தான் இருக்கும், இலையைக் கழுவியிருந்தால். மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்து உடம்பெங்கும் அப்புவதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். அந்தப் பூச்சின் அடியில் சீழ் பிடித்ததோ தோல் சிவந்து பரவுவதோ கண்ணுக்குத் தெரியாது. வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குப் புகட்டுவது நஞ்சு. வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு என்று போய்க் குழந்தைகள் இறந்தும் இருக்கிறார்கள்.

முதல் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று நாள் பார்த்துத் தலைக்கு ஊற்றும்வரை குளிக்கக்கூடாது என்பது நம் வழக்கம். சென்னை வெயிலில் ஒரு வாரம் வியர்வையோடு கிடந்தால் அரிப்பும் கூடும், தோலில் சீழும் பிடிக்கும். முதல் நாளிலிருந்தே வெதுவெதுப்பான நீரில் மென்மையாகக் குளிப்பாட்டலாம். தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்கை வீட்டார் விரும்பும் நாளில் தனியாக வைத்துக்கொள்ளட்டும். வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீர் என்று பாட்டி சொன்னால், அதையே தினமும் ஊற்றினால் இரண்டு தரப்பும் ஒத்துப்போகும். வேட்டித் துணி விரித்து, பருத்தி உடுத்தி, வாழையிலையில் படுக்கவைக்கும் பழைய முறை தோலுக்கு உண்மையிலேயே சுகமானது.

சாப்பாட்டில் மருத்துவம் எதையும் விலக்கவில்லை. இளநீர், மோர், கேழ்வரகுக் கூழ், பழைய சோறு, நுங்கு எல்லாம் நல்லவை; வாயில் புண் இருக்கும்போது காரமும் புளிப்பும் எரியும் என்பதால் அவற்றைக் குறைப்பது நியாயம். காசிமேட்டில் மீன் இல்லாமல் ஒரு வேளை இறங்காத வீடுகள்கூட அம்மை நாட்களில் மீன்சட்டியைக் கவிழ்த்துவைப்பதுண்டு. அந்த ஒரு வாரத்தில் பருப்பும் சுண்டலும் தயிரும் குறையாமல் கொடுத்தால் உடல் இளைக்காது. தாளிக்காமல் சமைப்பதில் தீங்கில்லை. பட்டினி போடுவதில்தான் தீங்கு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தக்கூடாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளை, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் தரலாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. சின்னம்மையின்போது அது குழந்தையின் கல்லீரலையும் மூளையையும் கெடுக்கும் ரெய் நோய்க்குறியை உண்டாக்கலாம். இபுப்ரோஃபென் கலந்த காய்ச்சல் மருந்தையும் தவிர்க்கவேண்டும். தோலில் கடும் பாக்டீரியாத் தொற்றுடன் அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அரிப்புக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பெயர் தெரியாத மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால் அது வைரஸுக்கு வழிவிட்டதாகிவிடும். நான் பார்த்த ஒரு சிறுமிக்கு அப்படித்தான் ஒரு கடையில் நான்கு நாள் மாத்திரை கொடுத்திருந்தார்கள், முத்து நின்றபாடில்லை. அட்டையைப் பார்த்த பிறகே காரணம் விளங்கியது. ஆஸ்துமா போன்றவற்றுக்கு மருத்துவர் ஏற்கெனவே எழுதித் தந்த ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்தவும் கூடாது. அம்மை கண்ட அன்றே அவரிடம் சொல்லவேண்டும்.

பெரியவர்களுக்கு வந்தால்

அசைக்ளோவிர் என்ற மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. ஆரோக்கியமான சிறு குழந்தைக்கு அது பொதுவாகத் தேவைப்படுவதில்லை. 12 வயதைக் கடந்தவர்கள், நாள்பட்ட தோல் நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள், வீட்டில் இரண்டாவதாக வந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் அதைத் தருவதுண்டு. முதல் முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். "மூன்று நாள் பார்த்துவிட்டுப் போகலாம்" என்பது இந்த மருந்தின் நேரத்தை வீணாக்குகிறது.

மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை செய்த ஒருவரை நான் மறக்கவில்லை. அவருடைய மூன்று வயது மகளுக்கு அம்மை கண்டது. போய்ப் பார்த்தேன், குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது, குறிப்பெழுதிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் பீடியோடு நின்றிருந்த தகப்பனிடம் "உங்களுக்கு வந்திருக்கிறதா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் பிழை. இரண்டு வாரம் கழித்து அவருக்கு வந்தது. நான்காம் நாள் நான் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்கினார். "ஊசி போட்டா ஆத்தா கோவிச்சுக்குவா சிஸ்டர்" என்றார் மனைவி. "ஆத்தாவை நான் பார்த்துக்கிறேன்மா, நீ 108-க்குப் போன் போடு" என்றேன். நுரையீரல் அழற்சி, ஒரு வாரத்துக்கு மேல் ஆக்சிஜனில் இருந்து பிழைத்து வந்தார். வந்த பிறகு இருவரும் பெரியபாளையம் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தார்கள். பெரியவர்களுக்கு, அதிலும் புகைபிடிப்பவருக்கும் கர்ப்பிணிக்கும், சின்னம்மை நுரையீரலில் இறங்கும் வாய்ப்பு குழந்தைகளைவிடப் பலமடங்கு அதிகம்.

ஆகவே இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக்கூடாது: மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, ஓயாத இருமல், நான்கு நாட்களைத் தாண்டிய காய்ச்சல், அல்லது விட்டுப்போய் மறுபடி ஏறிய காய்ச்சல், எழுப்பினால் எழாத தூக்கம், தொடர் வாந்தி, கழுத்து விறைப்பு, நடக்கும்போது தள்ளாட்டம், ஒரு முத்தைச் சுற்றிச் சூடாகச் சிவந்து வீங்கி வலிப்பது, கொப்புளத்துக்குள் ரத்தம், கண்ணில் முத்து, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இரவு நேரத்தில் ஐயம் கேட்க 104 என்ற எண் இருக்கிறது. வடசென்னைக்குத் தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனையும், ஸ்டான்லி மருத்துவமனையும் அருகில் உள்ளன. எங்கே போனாலும் புறநோயாளிகள் வரிசையில் போய் அமராமல், வாசலிலேயே "அம்மை" என்று சொல்லவேண்டும். அந்த வரிசையில் கர்ப்பிணிகள் இருப்பார்கள். ஷேர் ஆட்டோவில் போகவேண்டாம்.

கர்ப்பிணியும் பிறந்த குழந்தையும்

சிறுவயதில் சின்னம்மை கண்ட கர்ப்பிணிக்கு அச்சம் தேவையில்லை. காணாதவர், அல்லது நினைவில்லாதவர், நோயாளியுடன் இருந்தது தெரிந்த அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றல் இல்லை என்று தெரிந்தால், பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி போட்டு நோயின் கடுமையைக் குறைக்கலாம். கர்ப்பத்தின் முதல் 20 வாரங்களில் தாய்க்கு வந்தால் கருவுக்கு ஊனம் ஏற்படும் வாய்ப்பு உண்டு. ஆனால் அது நூற்றில் இரண்டு அளவுக்கோ அதற்கும் குறைவாகவோதான். பயத்தில் யாரும் கருவைக் கலைக்க முடிவெடுக்க வேண்டாம், ஸ்கேனில் கண்காணிக்கலாம். மிக ஆபத்தானது பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்கு முத்து தெரிவது. தாயின் எதிர்ப்பாற்றல் சேருவதற்குள் வைரஸ் மட்டும் குழந்தையைச் சேர்ந்துவிடுகிறது. அந்தக் குழந்தை மருத்துவமனையில்தான் இருக்கவேண்டும்.

தடுப்பூசி

அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் மணல்வாரிக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என இரண்டு ஊசிகள் உண்டு. அதைப் போட்டுவிட்டு "அம்மை ஊசி போட்டாயிற்று" என்று நினைக்கும் தாய்மார்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சின்னம்மை ஊசி வேறு. அதைத் தனியார் மருத்துவரிடம் பணம் கொடுத்துத்தான் போட்டுக்கொள்கிறோம். நம் தெருக்களில் பலருக்கு அந்தச் செலவு சுலபமில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி தம் மகன் சின்னம்மையில் பட்ட பாட்டைப் பார்த்து ஆராய்ச்சியில் இறங்கி, 1974-ல் இந்தத் தடுப்பூசியை உருவாக்கினார். இரண்டு தவணை, குழந்தைக்கு 15 மாத வாக்கில் முதலாவது, இரண்டாவதன் நாளைக் குழந்தை மருத்துவர் சொல்வார். 13 வயதுக்கு மேற்பட்டவருக்கு இடைவெளி நான்கு முதல் எட்டு வாரம். ஊசி போட்டவருக்கும் சில சமயம் வரும். ஆனால் ஐம்பதுக்கும் குறைவான முத்துகளோடு, பெரும்பாலும் காய்ச்சல் இல்லாமல் போய்விடும்.

இது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிக்கும் எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவருக்கும் போடக்கூடாது. போட்டுக்கொண்ட பெண் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பலர் அறியாதது ஒன்று: வீட்டில் ஒருவருக்கு முத்து தெரிந்த பிறகும், மூன்று நாட்களுக்குள், அதிகம் போனால் ஐந்து நாட்களுக்குள், மற்றவர்களுக்கு ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ முடியும். ஒரே ஓர் ஊசிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், என் யோசனை, அம்மை காணாத தகப்பனுக்கு முதலில்.

வேப்பிலையை அவிழ்க்கும் நாள்

பொருக்கு பறந்துவந்து ஒட்டும் என்று பாயைக் கொளுத்துவதும் துணிகளை எரிப்பதும் இன்னும் நடக்கிறது. சின்னம்மையின் காய்ந்த பொருக்கு யாருக்கும் தொற்றாது. தானாக உதிரட்டும், கிள்ளினால் தழும்பு விழும். பாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவி மாடியில் ஒரு நாள் வெயிலில் போட்டால் போதும். பள்ளியும் வேலையும் பொருக்கு முற்றிலும் உதிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது கோடு போட்ட மறுநாளே போகலாம். கூலி வேலைக்குப் போகிறவருக்கு இந்த ஒரு வாரச் சேமிப்பு சிறிதன்று. முகத்தில் கரும்புள்ளிகளைப் பார்த்து மேஸ்திரி தயங்கினால், மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக் காட்டலாம். அந்தப் புள்ளிகள் மங்கச் சில மாதங்கள் ஆகும். அதுவரை உச்சி வெயிலில் முகத்தை ஒரு துண்டால் மறைத்துக்கொள்வது நல்லது.

வேப்பிலையை அவிழ்த்தாலும் காலண்டரைக் கழற்றவேண்டாம். ஏப்ரல் 6 வரை தினமும் காலையில், பள்ளிக்குச் சட்டை மாட்டும்முன், தம்பியின் முதுகை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்க்கவேண்டும்.